நாளைக்குப் பள்ளிக்கூடம் உண்டா, டீச்சர்?

(வாசகர் கேள்வி - பதில். கோத்தகிரி வட்டாரத்தில் அரசு உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியையாக இருந்து 2022 மே மாதம் ஓய்வு பெற்ற ஆசிரியை பதில் தருகிறார். 2022 ஜூலை இதழுக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கொரோனா காலத்துப் பள்ளி மூடலையும் அப்போதைய மழை விடுமுறையையும் பற்றியவை.)

கேள்வி: நான் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். என் மகள் 2021-இல் பத்தாவது ‘ஆல் பாஸ்’. இப்போது பிளஸ் ஒன்னில் கணக்குப்பதிவியலில் தவறிவிட்டாள். இரண்டு வருடமாகப் பள்ளியைத் திறக்கிறோம் என்றார்கள், இல்லை என்றார்கள், திறந்தார்கள், மறுபடி மூடினார்கள். எதையும் எங்களுக்கு நேரத்துக்குச் சொல்லவில்லை. கேட்டால் ‘மேலிடத்து உத்தரவு’ என்று ஒரே பதில். நான் யார் மேல் கோபப்படுவது?
- ஒரு தாய், தேவாலா

பதில்: முதலில் மகளின் காரியத்தைப் பார்ப்போம் அம்மா. பிளஸ் ஒன்னில் ஒரு பாடம் போனால் படிப்பு நிற்காது. அவள் பிளஸ் டூ வகுப்பில் உட்காரலாம், விட்ட பாடத்தைத் துணைத் தேர்வில் எழுதி எடுக்கலாம். விண்ணப்பம் போட்டாயிற்றா என்று பள்ளியில் இன்றைக்கே கேளுங்கள். கணக்குப்பதிவியலில் முதல் சில பாடங்கள் பிடிபட்டுவிட்டால் மற்றவை தானே வரும். அந்த முதல் பாடங்கள் நடந்த மாதங்களில் அவள் எப்படிப் படித்தாள் என்று யோசித்துப் பாருங்கள், அவளைத் திட்ட மனம் வராது.

இப்போது உங்கள் கோபத்துக்கு வருகிறேன். அது நியாயமான கோபம். உங்கள் மகளின் வகுப்புக்கு என்னவெல்லாம் நடந்தது என்று என் டைரியைப் பார்த்து எழுதுகிறேன். 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடும்போது அவள் ஒன்பதாவது. பரீட்சை இல்லாமல் பத்தாவதுக்கு வந்தாள். அக்டோபர் 1 முதல் பத்து, பதினொன்று, பன்னிரண்டு மாணவர்கள் விருப்பப்பட்டால் பள்ளிக்கு வந்து சந்தேகம் கேட்கலாம் என்று உத்தரவு. செப்டம்பர் 29-ஆம் தேதி அதை நிறுத்தி வைத்தார்கள். அடுத்து நவம்பர் 16-இல் திறப்பு என்றார்கள். அதற்காக நவம்பர் 9, திங்கட்கிழமை, பெற்றோரைப் பள்ளிக்கு வரச்சொல்லிக் கருத்துக் கேட்டோம். 12-ஆம் தேதி அதுவும் ரத்து. ஒருவழியாக 2021 ஜனவரி 19-இல் திறந்தது. பிள்ளைகள் வந்து உட்கார்ந்து பழகுவதற்குள் பிப்ரவரி 25-ஆம் தேதி சட்டமன்றத்தில் ஒன்பது, பத்து, பதினொன்றுக்கு ‘ஆல் பாஸ்’ அறிவிப்பு. மார்ச் 22 முதல் அந்த வகுப்புகள் மறுபடி மூடல். கையில் வந்த சான்றிதழில் மதிப்பெண் இல்லை, தேர்ச்சி என்பது மட்டும். பதினொன்றாவது செப்டம்பர் 1-இல் நேரடி வகுப்பு. ஜனவரியில் ஒமைக்ரான், மாத முடிவு வரை விடுமுறை, 2022 பிப்ரவரி 1-இல் திறப்பு. மே மாதம் பொதுத்தேர்வு. பதினாறு வயதுப் பெண் வாழ்க்கையில் எழுதிய முதல் பொதுத்தேர்வு அது.

இதில் எது தவறான முடிவு, எது சரியான முடிவு என்று பிரிக்க எனக்கும் ஆசைதான். 2021 மே மாதம் இரண்டாவது அலையில் ஆக்சிஜன் படுக்கைக்கு ஜனங்கள் அலைந்ததைப் பார்த்த யாரும் அப்போது பள்ளியை மூடியிருக்கக் கூடாது என்று சொல்ல மாட்டார்கள். நானும் சொல்லவில்லை. மூடுவதும் திறப்பதும் சென்னையில், அரசு மட்டத்தில், மருத்துவக் குழுவைக் கேட்டுவிட்டு எடுத்த முடிவு. தலைமையாசிரியருக்கு அதில் எந்த அதிகாரமும் இல்லை. ‘மேலிடத்து உத்தரவு’ என்று உங்களிடம் சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் அதோடு பேச்சை முடித்துக்கொண்டார்களே, அதைத்தான் நான் ஏற்க மாட்டேன்.

அந்த நவம்பர் 9-ஆம் தேதியை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆறாது. தீபாவளிக்கு ஐந்து நாள் இருக்கிறது. எங்கள் பள்ளி வராந்தாவில் இடைவெளி விட்டு நாற்காலி போட்டிருந்தோம். தோட்ட வேலையில் அரை நாள் சம்பளத்தை விட்டுவிட்டு அம்மாக்கள் வந்தார்கள். ஒரு அம்மா கொழுந்துக் கூடைக் கயிற்றைக்கூட தோளிலிருந்து எடுக்காமல் வந்து நின்றார். கையெழுத்துப் போடத் தெரியாதவர், கட்டைவிரலை மையில் ஒற்றி, ‘திறங்க டீச்சர், வீட்டுல இருந்தா வீணாப் போயிடுவான்’ என்று சொல்லிவிட்டுப் போனார். மூன்று நாள் கழித்து, திறப்பு ரத்து என்பதை டி.வி.யின் அடிவரிச் செய்தியில்தான் அவரும் தெரிந்துகொண்டார், நானும் தெரிந்துகொண்டேன். கருத்துகள் பலவிதமாக வந்தன என்ற அளவில்தான் காரணம். எங்கள் பள்ளியில் எத்தனை பேர் திறக்கச் சொன்னார்கள், மாவட்டத்தில் எத்தனை பேர், நீலகிரியில் பெற்றோர் என்ன நினைத்தார்கள், ஒன்றும் திரும்பி எங்களுக்கு வரவில்லை. ஒருவரைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்டால், முடிவு வேறு மாதிரி ஆனாலும், ஏன் அப்படி ஆனது என்று அவரிடம் வந்து சொல்ல வேண்டும். அது அதிகாரிகள் பெற்றோருக்குக் காட்டும் சலுகை ஆகாது. கேட்டவர்களின் கடமை.

அந்த அம்மாவின் மகன் ஜனவரியில் பள்ளி திறந்தபோது வரவில்லை. கேரட் லோடுக்குப் போய்விட்டான். நம் ஊரில் கேரட் அறுவடை நடுராத்திரிக்கு மேல் தொடங்கும் என்பது உங்களுக்கே தெரியும். விடிய விடிய பிடுங்கி, கழுவி, மூட்டை கட்டி லாரியில் ஏற்றிவிட்டு வந்து தூங்குகிற பையன் எந்த ஆன்லைன் வகுப்பைப் பார்ப்பான்? அவனைத் திருப்பிக் கொண்டுவர நானும் வகுப்பாசிரியரும் வீட்டுக்கு நடந்தோம், வந்தான், பிப்ரவரி அறிவிப்பு வந்ததும் ‘அதான் பாஸ் ஆச்சே’ என்று மறுபடி போய்விட்டான்.

ஆகையால் கோபத்தை வகுப்பாசிரியர் மேல் வைக்காதீர்கள். சொல்லத் தெரிந்ததைச் சொல்லாமல் விட்டவர்கள் யாராக இருந்தாலும் அவர்கள் மேல் வையுங்கள். அதைக் கடிதமாக எழுதிப் பள்ளியில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள்.

கேள்வி: நான் அரசுப் பள்ளி ஆசிரியை. பெற்றோர் எங்களைத் திட்டுகிறார்கள். உத்தரவே எங்களுக்கு ராத்திரி பத்து மணிக்குத்தான் வாட்ஸ்அப்பில் வருகிறது. வராததை நாங்கள் எப்படிச் சொல்வது?
- ஒரு ஆசிரியை, குந்தா

பதில்: டீச்சர், உங்கள் வருத்தம் எனக்கு நன்றாகப் புரியும். இயக்குநரகத்திலிருந்து முதன்மைக் கல்வி அலுவலகத்துக்கு வந்து, மாவட்டக் கல்வி அலுவலர், வட்டாரக் கல்வி அலுவலர் என்று படிப்படியாக இறங்கி, தலைமையாசிரியர் குழுவுக்கு வந்து, அப்புறம்தான் உங்கள் பள்ளிக் குழுவுக்கு வருகிறது. அதற்குள் டி.வி.யில் சொல்லிவிடுகிறார்கள். பெற்றோர் போன் செய்யும்போது நாம் ‘இன்னும் சர்க்குலர் வரவில்லை’ என்போம். அவருக்கு நாம் மறைக்கிறோம் என்றுதான் தோன்றும்.

வராத உத்தரவைச் சொல்ல முடியாது, சரி. ஆனால் வரவில்லை என்பதைச் சொல்லலாம் அல்லவா? எங்கள் பள்ளியில் இரண்டாம் அலைக்குப் பிறகு நான் இப்படி அனுப்ப ஆரம்பித்தேன்: ‘நாளை பள்ளி உண்டா என்று இதுவரை உத்தரவு வரவில்லை. வந்தவுடன் சொல்கிறேன். இரவு எட்டு மணிக்கு எப்படியும் ஒருமுறை செய்தி போடுவேன். அதற்குள்ளும் வராவிட்டால், வரவில்லை என்றே போடுவேன். அது வரை வழக்கம்போல் பள்ளி உண்டு என்று நினைத்துக்கொள்ளுங்கள்.’ எட்டு மணிக்குச் சொன்னபடி போட்டேன். திட்டு மொத்தமாக நிற்கவில்லை, ஆனால் ஏழு மணிக்கு வருகிற போன்கள் நின்றன. எட்டு மணிக்குத் தெரியும் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

இன்னொன்று. உத்தரவு வரும் பி.டி.எஃப். கோப்பை அப்படியே குழுவில் தள்ளிவிடாதீர்கள். ‘பார்வையில் காணும் அரசாணையின்படி’ என்று ஆரம்பிக்கிற இரண்டு பக்கத்தை எந்த அப்பா படிப்பார்? அந்த போன் பெரும்பாலும் அப்பாவிடம் இருக்கிறது. அவர் தேயிலை வண்டி ஓட்டுகிறார், வீட்டுக்கு வர ஏழு எட்டு ஆகும், வந்தால் டவர் இருக்காது. கோப்பு இறங்கவே இறங்காது. உங்கள் குரலில் அரை நிமிடம் பேசி அனுப்புங்கள். படிக்கத் தெரியாத பாட்டிக்கும் அது போய்ச் சேரும். உங்கள் குந்தாவில் படுகு பேசும் வீடுகள் அதிகம், கூடலூர் பக்கம் என்றால் மலையாளம் பேசும் வீடுகள், பணியர் பழங்குடிக் குடியிருப்புகள் இருக்கின்றன. அந்த மொழி தெரிந்த ஒரு பெரிய வகுப்புப் பிள்ளையைப் பேசச் சொன்னால் சந்தோஷமாகச் செய்யும். போனே இல்லாத வீடுகளுக்குக் கொழுந்து நிறுக்கும் இடத்திலும் ரேஷன் கடையிலும் ஒரு தாள் ஒட்டினால் போதும். ஊர் முழுக்க அங்கேதான் வந்து போகிறது.

கேள்வி: தனியார் பள்ளி. கொரோனா காலத்தில் கட்டணச் செய்தி மட்டும் தேதி தவறாமல் வந்தது. வகுப்பு எப்போது, யார் நடத்துகிறார்கள் என்று கேட்டால் பதில் இல்லை. பாக்கியைச் சொல்லி மகனை ஆன்லைன் வகுப்புக் குழுவிலிருந்து நீக்கினார்கள். இப்போது மாற்றுச் சான்றிதழ் தர மறுக்கிறார்கள். பையன் ஏழாவது.
- ஒரு தந்தை, குன்னூர்

பதில்: பையனைக் குழுவிலிருந்து நீக்கியது தவறு. சென்னை உயர் நீதிமன்றம் 2020 ஜூலையில் முதல் தவணையாகக் கல்விக் கட்டணத்தில் 40 சதவீதம் வாங்கலாம் என்றது. 2021 ஜூலையில், வருமானம் பாதிக்கப்படாதவர்களிடம் 85 சதவீதம், பாதிக்கப்பட்டவர்களிடம் 75 சதவீதம், அதையும் ஆறு தவணையாக என்றது. பணத்துக்காகப் பிள்ளையை வகுப்பிலிருந்து விலக்கக் கூடாது என்பதும் அதில் உண்டு. சுற்றுலாவை நம்பி டாக்ஸி ஓட்டியவர்களும் லாட்ஜில் வேலை பார்த்தவர்களும் நிறைந்த ஊர் குன்னூர். வெளியூர்க்காரர்களுக்கு இ-பாஸ் கேட்ட கொரோனா காலத்தில் அவர்களுக்கு வருமானமே இல்லை. நீங்களும் அப்படிப்பட்டவர் என்றால் 75 சதவீதக் கணக்குதான் உங்களுக்கு.

மாற்றுச் சான்றிதழுக்காகக் காத்திருக்க வேண்டாம். எட்டாம் வகுப்பு வரை, சான்றிதழ் வரத் தாமதம் என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. நாளைக்கே அருகில் உள்ள அரசு அல்லது உதவி பெறும் பள்ளியில் சேருங்கள். பழைய பள்ளியைப் பற்றி முதன்மைக் கல்வி அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள், கட்டண ரசீதுகளின் நகலை இணைத்து. பையன் ஒரு நாளும் வீட்டில் இருக்க வேண்டாம்.

கேள்வி: மழை விடுமுறையை காலை ஏழு மணிக்குமேல் அறிவிக்கிறார்கள். என் பிள்ளைகள் ஆறரைக்கே பஸ் ஏறிவிடுவார்கள். பள்ளிக்குப் போய்ப் பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டு நனைந்துகொண்டு நிற்கிறார்கள். திரும்பி வர பஸ் இல்லை. கொரோனாவில் பட்டது போதாதா?
- ஒரு வாசகர், பந்தலூர்

பதில்: போதும், ரொம்பவே போதும். மழை விடுமுறை மாவட்ட ஆட்சியர் எடுக்கும் முடிவு. அதிலும் நம் மாவட்டத்தில் ஆறு தாலுகாவுக்கும் ஒரே மழை இல்லை. தென்மேற்குப் பருவத்தில் கூடலூரும் பந்தலூரும் கொட்டித் தீர்க்கும்போது கோத்தகிரியில் வெயில்கூட அடிக்கும். அதனால் தாலுகா வாரியாக அறிவிக்கிறார்கள், அது சரியான முறைதான். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை பெய்ததை நாம் பார்த்திருக்கிறோம். அந்த மாதிரி மழையில் விடுமுறை வேண்டாம் என்று யாரும் சொல்ல மாட்டோம்.

ராத்திரி எவ்வளவு பெய்தது, எங்கே மரம் விழுந்தது, எந்த ரோட்டில் மண் சரிந்தது என்று கிராம நிர்வாக அலுவலர்களிடமிருந்து தாசில்தாருக்கு வந்து, அங்கிருந்து ஆட்சியருக்குப் போக விடிந்துவிடுகிறது. இதுதான் தாமதத்துக்குக் காரணம். ஆனால் வானிலை மையத்தின் ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை முந்தைய நாளே வந்துவிடுகிறது. சிவப்பு எச்சரிக்கை இருக்கிற நாளில் முந்தைய மாலையே முடிவெடுத்துவிடலாம் என்பது என் உறுதியான கருத்து. மற்ற நாட்களில், சில மாவட்டங்களில் செய்ததுபோல, அந்தந்த இடத்து மழையைப் பார்த்துத் தலைமையாசிரியரே முடிவெடுக்க விடலாம். மலையில் ஒரு வளைவு தாண்டினால் மழை வேறு. அந்த வளைவில் நிற்கிறவருக்குத்தான் அது தெரியும்.

விடுமுறை அறிவித்தபிறகு வந்து நிற்கிற பிள்ளைக்குக் கேட்டைப் பூட்டி வைப்பது மட்டும் எந்த வகையிலும் நியாயமில்லை. பக்கத்தில் குடியிருக்கும் ஒரு பணியாளரிடம் சாவி இருக்க வேண்டும். வருகிற பிள்ளையை உள்ளே உட்காரவைத்து, தலை துவட்டத் துணி கொடுத்து, வீட்டுக்குப் போன் போட வேண்டும். யானை நடமாடுகிற பாதை உங்கள் பக்கம். பஸ் இல்லை என்று பிள்ளைகள் நடக்க ஆரம்பித்துவிட்டால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. திங்கட்கிழமை ஊட்டி பிங்கர்போஸ்டில் கூடுதல் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் நாலைந்து பெற்றோராகப் போய் இந்தச் சாவி விஷயத்தை மட்டும் மனுவாகக் கொடுங்கள். பத்துக் கோரிக்கையை ஒரே மனுவில் எழுதினால் ஒன்றும் நடக்காது.

கேள்வி: 14417-க்குப் போன் செய்தால் பயன் உண்டா?
- ஒரு வாசகி, ஊட்டி

பதில்: அது பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண். தேர்வு, சான்றிதழ், சேர்க்கை பற்றிய சந்தேகம் என்றால் உண்டு. பேசி முடித்ததும் புகார் எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நாளைக்கு மழை விடுமுறையா என்று கேட்க அந்த எண் வேண்டாம்.

கேள்வி: எங்கள் அரசுப் பள்ளியில் புதிதாக அமைத்த பள்ளி மேலாண்மைக் குழுவில் என்னைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். நான் எட்டாவது வரைதான் படித்தேன். கூட்டத்தில் என்ன பேசுவது? கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவார்களோ?
- ஒரு தாய், கோத்தகிரி

பதில்: வாழ்த்துகள் அம்மா. இந்த 2022 மார்ச் 20-ஆம் தேதி பெற்றோர் கூட்டம் நடத்தி அமைக்கத் தொடங்கிய குழுக்கள் இவை. இருபது பேர் கொண்ட குழுவில் முக்கால்வாசி பெற்றோர்தான் இருக்க வேண்டும் என்பது சட்டம். எட்டாவது படித்தவர், படிக்காதவர் என்ற பேச்சே அதில் இல்லை.

கழிப்பறை, சத்துணவு, சுற்றுச்சுவர் என்று எல்லாரும் பேசுவார்கள், அவை எல்லாம் வேண்டியவைதான். நீங்கள் இந்த முதல் கூட்டத்தில் ஒரே ஒரு விஷயத்தை எடுங்கள்: பள்ளி நமக்கு எப்படிச் செய்தி சொல்லப் போகிறது? ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு போன் எண் பதிவேட்டில் இருக்கிறதா? அதில் ஒன்றாவது பகலில் வீட்டில் இருப்பவருடையதா? பாட்டி எண்ணாக இருந்தாலும் சரி, பக்கத்து வீட்டு எண்ணாக இருந்தாலும் சரி. இரண்டு வருடத்தில் பாதி பேர் சிம் மாற்றியிருப்பார்கள். என் பள்ளியில் அழைத்துப் பார்த்தபோது ‘இந்த எண் உபயோகத்தில் இல்லை’ என்பதுதான் அதிகம் கேட்டது. செய்தி எத்தனை மணிக்கு வரும் என்று நேரம் குறிக்கச் சொல்லுங்கள். டவர் இல்லாத குடியிருப்புக்கு யார் நேரில் போய்ச் சொல்வது என்று பெயர் போட்டு எழுதச் சொல்லுங்கள். இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்கள் உங்கள் ஊரில் இருப்பார்கள், தினமும் மாலையில் பிள்ளைகளைப் பார்க்கிறவர்கள், அவர்களைக் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள்.

பேசியதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லி, எழுதியதைச் சத்தமாகப் படிக்கச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னது அதில் இருந்தால் கையெழுத்துப் போடுங்கள். இல்லையென்றால், சேர்த்தபிறகு போடுகிறேன் என்று சொல்லுங்கள். தலைமையாசிரியர் கோபிக்க மாட்டார். அப்படி ஒரு அம்மா என் பள்ளிக் கூட்டத்தில் இருந்திருந்தால் பள்ளித் திறப்பு ரத்தான அந்த 2020 நவம்பர் 12-ஆம் தேதி ராத்திரியே வீடு வீடாகச் செய்தி சொல்ல எனக்குப் பத்துப் பேர் கிடைத்திருப்பார்கள்.